கலங்கும்போது தெரிவது

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குப் போகும் சாலையில், ஐப்பசியில் ஒரு நல்ல மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். இரண்டு மணி நேரம் கொட்டியிருக்கும். சாலையோரப் பள்ளங்களில் தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். கண்மாய்க்குள் இறங்கினால் சீமைக்கருவேலத்தின் தூர் நனைந்திருக்குமே தவிர ஒரு சாண் தண்ணீர் சேர்ந்திருக்காது. கோடை முழுக்கப் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்த கரிசல், முதல் மழையை அப்படியே வெடிப்புக்குள் வாங்கி வைத்துக்கொள்ளும். இரண்டாம் மழையில் மண் ஊறி வெடிப்பு மூடும். மூன்றாவது மழை, முதல் மழையில் பாதி இருந்தாலும் போதும். வரத்துக்கால்கள் அத்தனையும் இரைச்சலோடு கலங்கல் நீரைக் கொண்டுவந்து கொட்டும்.

பெய்ததற்கும் வந்ததற்கும் நேர்க்கணக்கு இல்லாத இந்த நிலத்தில் கணக்கு வைத்திருந்தவர் நீர்பாய்ச்சி. எங்கள் கண்மாயில் அந்தப் பொறுப்பில் இருந்தவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நீர்ப்பிடிப்பு எத்தனை ஏக்கர் என்றும் தெரியாது. இரவில் ஓட்டின் மேல் விழும் மழைச் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "விடியறதுக்குள்ள மடைக்கல்லுல ரெண்டாம் படி ஏறிரும்" என்பார். பெரும்பாலும் ஏறியிருக்கும். ஏறாத வருஷங்களும் உண்டு. அவற்றுக்குப் பின்னால் வருகிறேன்.

திறந்து பார்க்க முடியாத ஒன்றை, அதற்குள் போவதையும் அதிலிருந்து வருவதையும் மட்டும் வைத்துத் தெரிந்துகொள்ளும் வித்தைக்குப் பொறியியலில் 'சிஸ்டம் ஐடென்டிஃபிகேஷன்' என்று பெயர். தமிழில் அமைப்பை இனங்காணல் என்று சொல்லலாம். கட்டுப்பாட்டுப் பொறியியலின் கூடப்பிறந்த துறை இது. எதைக் கட்டுப்படுத்தப் போகிறோமோ அதன் சுபாவம் தெரியாமல் கட்டுப்படுத்த முடியாது. இந்தத் துறையில் நீண்ட காலம் உழைத்த பேராசிரியர்களில் ஒருவர் சென்னையில் பிறந்தவர், கும்பட்டி எஸ். நரேந்திரா. அவருடைய கட்டுரைகளில் கண்மாய் வராது. விமானமும் தொலைபேசி இணைப்பகமும் வரும். கண்மாயைக் கொண்டுவந்து பக்கத்தில் வைப்பது நான். அவர் வாழ்நாளெல்லாம் சுற்றிச் சுற்றி வந்த ஒரு கேள்வி, மழை அரிதான நிலத்தில் நின்று பார்த்தால்தான் எனக்குத் துலக்கமாகத் தெரிகிறது. அசையாமல் கிடக்கும் ஒன்றைப் பற்றி என்னதான் தெரிந்துகொள்ள முடியும்?

நரேந்திரா 1933இல் பிறந்தார். 1954இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் மின்பொறியியலில் பி.இ. ஆனர்ஸ். மறுவருஷமே ஹார்வர்டில் முதுகலைப் பட்டம், 1959இல் அங்கேயே முனைவர் பட்டம். சில ஆண்டுகள் ஹார்வர்டில் கற்பித்துவிட்டு 1965இல் யேல் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அதன்பின் அவருடைய ஊர் யேல்தான். வெளியிலிருந்து பார்த்தால் சம்பவமே இல்லாத வாழ்க்கை. சம்பவங்கள் எல்லாம் காகிதத்தில் நடந்தன.

அவர் படித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் இந்தத் துறைக்குப் பெயரே வந்தது. பின்னாளில் 'ஃபஸி' தர்க்கத்தால் உலகப் புகழ்பெற்ற லாட்ஃபி ஸாடே, 1956இல் ஒரு சிறு கட்டுரையில் 'இனங்காணல் பிரச்சினை' என்று இதைக் குறிப்பிட்டார். பெயர் புதிது, வேலை பழையது. நீரியல்காரர்கள் கால் நூற்றாண்டு முன்பே இதைச் செய்துகொண்டிருந்தார்கள். 1932இல் லெராய் ஷெர்மன் என்ற அமெரிக்கப் பொறியாளர் 'அலகு நீர்வரைபடம்' என்ற கருத்தை முன்வைத்தார். ஒரு நீர்ப்பிடிப்பின் மேல் குறிப்பிட்ட நேரத்தில் ஓர் அலகு மழை ஓடுநீராக மாறினால், கடைவாயில் அது எப்படி ஏறி எப்படி இறங்கும் என்று ஒரு வளைகோடு வரைந்துகொள்ள வேண்டும். மழை இரண்டு மடங்கானால் வளைகோட்டையும் இரண்டு மடங்காக்கலாம். மழை விட்டு விட்டுப் பெய்தால் வளைகோடுகளை நேரம் தள்ளித் தள்ளி வைத்துக் கூட்டிக்கொள்ளலாம். அழகான கணக்கு. அதில் ஒரு சிறு வார்த்தை ஒளிந்திருக்கிறது: 'ஓடுநீராக மாறிய' மழை. எவ்வளவு மாறியது என்பதை முதலில் யாராவது சொல்ல வேண்டும். கரிசல் காட்டில் கேள்வியே அதுதான்.

1966இல் நரேந்திராவும் பி. ஜி. கால்மனும் எழுதிய கட்டுரை சரியாக இந்த இடத்தில் வந்து நிற்கிறது. 'ஹாமர்ஸ்டைன் மாதிரி' என்ற அமைப்பை இனங்காண ஒரு வழி சொன்னது அது. மாதிரி எளியது, இரண்டு அறைகள் கொண்டது. முதல் அறையில் உள்ளீடு வளைக்கப்படுகிறது. குறைவாக வந்தால் விழுங்கப்படும், கூடுதலாக வந்தால் கடந்துபோகும். நேர்விகிதம் கிடையாது. இரண்டாம் அறை நேர்விகிதத்துக்குக் கட்டுப்பட்டது, தாமதமும் நினைவும் உடையது. கரிசல் முதல் அறை, வரத்துக்கால் இரண்டாம் அறை. நமக்குக் கிடைப்பது மழையும் கண்மாயின் நீர்மட்டமும்தான். நடுவில், முதல் அறையிலிருந்து இரண்டாம் அறைக்கு எவ்வளவு போனது என்று அளக்க வழியில்லை. நரேந்திராவும் கால்மனும் சொன்ன உபாயம் இது: முதல் அறையைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு மீச்சிறு வர்க்க முறையில் இரண்டாம் அறையைக் கணித்துக்கொள், பிறகு அந்த இரண்டாம் அறையைத் தெரிந்ததாக வைத்துக்கொண்டு முதல் அறையைத் திருத்து, மறுபடி இரண்டாவது, மறுபடி முதலாவது. ஒரு கால் ஊன்றி மறுகால் எடுத்து வைக்கிற நடை.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். கரிசல் அசல் ஹாமர்ஸ்டைன் அறை அல்ல. அந்த மாதிரியில் முதல் அறைக்கு நினைவு கிடையாது, நம் மண்ணுக்கு உண்டு. முந்தாநாள் பெய்ததை அது மறக்காது. பின்னால் வந்த நீரியல் மாதிரிகள் இதற்காகவே மண்ணின் ஈரத்தைத் தனிக்கணக்காக வைத்தன. இருந்தாலும், வளைக்கும் பகுதியையும் கடத்தும் பகுதியையும் பிரித்துப் பார்க்கிற பார்வை அப்படியே நீடித்தது.

அந்த 1966 முறைக்கு ஒரு பின்கதை உண்டு. இப்படி மாறி மாறித் திருத்திக்கொண்டே போனால் கடைசியில் சரியான விடைக்கு வந்து சேருமா? 1981இல் பீட்டர் ஸ்டோய்க்கா ஓர் எடுத்துக்காட்டுப் போட்டு, சேராமல் விலகியும் போகலாம் என்று காட்டினார். முறை தப்பு என்று பலர் ஒதுக்கினார்கள். 2004இல் பாயும் லீயும் எழுதிய கட்டுரையில், ஒவ்வொரு சுற்றிலும் அளவுகளை ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் சிறு திருத்தத்தைச் சேர்த்தால் சேரும் என்று நிறுவப்பட்டது. கட்டுரை வெளிவந்து 38 வருஷம் கழித்து வந்த தீர்ப்பு. மதுரை நீதிமன்றங்களில் கண்மாய் வழக்கு நடத்தியவர்களுக்கு இந்தக் கால அளவு ஆச்சரியம் தராது.

இனங்காணலிலிருந்து கட்டுப்பாட்டுக்கு வருவோம். அதற்கு அருப்புக்கோட்டையின் நூற்பாலைகளுக்குள் போவது நல்லது. டிரா ஃபிரேம் என்ற எந்திரத்தில் ஆறோ எட்டோ ஸ்லைவர்கள், அதாவது முறுக்கேறாத பஞ்சுக் கயிறுகள், ஒன்றாகச் சேர்ந்து நீட்டப்பட்டு ஒரே ஸ்லைவராக வெளியேறும். நுழையும் இடத்தில் கனம் கூடக்குறைய இருந்தால் வெளியே வரும் ஸ்லைவரிலும் அது தெரியும். ஆட்டோ லெவலர் உள்ள எந்திரத்தில், நுழைவிடத்து உருளை ஒன்று கனத்தை அளந்து சொல்ல, சர்வோ மோட்டார் நீட்டும் அளவைக் கூட்டிக் குறைக்கும். ஆனால் கனத்த இடம் அளக்கப்பட்ட உடனே நீட்டலை மாற்றினால் காரியம் கெட்டுவிடும். அந்த இடம் இன்னும் நீட்டும் உருளைக்கு வந்து சேரவில்லை. எத்தனை மில்லிமீட்டர் பயணம் செய்த பிறகு திருத்த வேண்டும், எவ்வளவு வலுவாகத் திருத்த வேண்டும் என்ற இரண்டு எண்களும் சரியாக இருக்க வேண்டும். முதல் எண்ணை மில்காரர்கள் 'லெவலிங் ஆக்‌ஷன் பாயின்ட்' என்பார்கள். வலு சரிதானா என்று எப்படிப் பார்ப்பார்கள்? ஒரு ஸ்லைவரைக் கழற்றிவிட்டு ஓட்டுவார்கள். பிறகு ஒன்றைக் கூடுதலாகச் சேர்த்து ஓட்டுவார்கள். மூன்று நிலையிலும் வெளியே வருவதை எடைபோடுவார்கள். எடை மாறாவிட்டால் லெவலர் தன் வேலையைச் செய்கிறது.

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் எந்திரத்தை வேண்டுமென்றே கெடுத்துப் பார்ப்பது. கட்டுப்பாட்டுக் கோட்பாட்டின் மையச் சிக்கல் இந்த ஸ்லைவர் சோதனைக்குள் இருக்கிறது என்றே சொல்வேன். எட்டு ஸ்லைவரும் ஒரே கனத்தில் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும் வரை, லெவலர் வேலை செய்கிறதா, செத்துக் கிடக்கிறதா என்று யாராலும் சொல்ல முடியாது.

எந்திரத்தை நிறுத்திச் சோதிக்க வசதி இல்லாத இடங்களில் என்ன செய்வது? பறக்கும் விமானத்தில் ஸ்லைவரைக் கழற்ற முடியாது. உயரம் மாற மாற, வேகம் மாற மாற விமானத்தின் சுபாவமே மாறும். 1950களில் அமெரிக்காவின் வேக விமானங்களுக்கு இந்தச் சிக்கல் வந்தபோதுதான், ஓடிக்கொண்டே தன்னைத் திருத்திக்கொள்ளும் கட்டுப்பாடு என்ற எண்ணம் பிறந்தது. தகவமைவுக் கட்டுப்பாடு என்பார்கள். 1958இல் எம்.ஐ.டி.யில் விட்டேக்கரும் உடன் இருந்தவர்களும் ஒரு விதி சொன்னார்கள். விமானம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒரு மாதிரி விமானத்தைக் கணக்கில் வைத்துக்கொள். அசலுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசம் குறையும் திசையில் திருகுகளைத் திருப்பிக்கொண்டே இரு. புத்திசாலித்தனமான விதிதான். அது எப்போதும் நிலைகுலையாமல் இருக்குமா என்பதற்கு நிறுவல் மட்டும் இல்லை.

நிறுவல் இல்லாமலே இந்த வகைக் கருவிகள் வானத்துக்குப் போயின. எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தின் மூன்றாம் எண்ணில் எம்.எச்.-96 என்ற தகவமைவுக் கருவி பொருத்தப்பட்டிருந்தது. நீல் ஆம்ஸ்ட்ராங் உட்படப் பலர் அதை வெற்றிகரமாக ஓட்டினார்கள். 1967 நவம்பர் 15 அன்று மைக்கேல் ஆடம்ஸ் ஓட்டியபோது, மின்கோளாறில் தொடங்கிய தொல்லைகள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி விமானம் சுழலில் சிக்கியது. சுழலிலிருந்து அவர் மீண்டுவிட்டார். ஆனால் கருவி ஒரு வகை ஊசலாட்டத்துக்குள் விழுந்து, குறைக்க வேண்டிய வலுவைக் குறைக்காமலே நின்றது. விமானம் காற்றில் உடைந்தது, ஆடம்ஸ் இறந்தார். பழியை முழுக்கக் கருவியின் மேல் போடுவது சரியல்ல. ஆனாலும் தகவமைவுக் கட்டுப்பாடு என்றாலே பொறியாளர்கள் முகம் சுளிக்கிற காலம் அதன்பின் வந்தது.

நரேந்திராவின் நடு வயது அந்த நிறுவலைத் தேடுவதில் போனது. அதற்கான தயாரிப்பு முன்பே நடந்திருந்தது. நிலைப்புக் கோட்பாட்டில் ஜேம்ஸ் டெய்லரோடு சேர்ந்து 1973இல் ஒரு நூல் எழுதியிருந்தார். ரஷ்யரான லியாபுனோவும் ருமேனியரான போபோவும் போட்டுத் தந்த பாதையில் அவருக்கு நல்ல பழக்கம் உண்டு. லேனா வலவானியோடு சேர்ந்து 1978இல் எழுதிய கட்டுரை பாதித் தூரம் வந்தது. 1980 ஜூன் மாத ஐ.இ.இ.இ. இதழில் நரேந்திரா, லின், வலவானி மூவரும் எழுதிய நிறுவல் வெளியானது. அதே இதழில், முன்னும் பின்னுமாக அடுத்தடுத்த பக்கங்களில், ஸ்டீஃபன் மோர்ஸின் நிறுவலும், குட்வின், ரமாட்ஜ், கெய்ன்ஸ் மூவரின் நிறுவலும் வந்தன. இருபது வருஷம் யாருக்கும் மடங்காத கேள்விக்கு ஒரே மாதத்தில் பல கைகளிலிருந்து விடை.

இதற்குப் பின் நடந்ததுதான் எனக்கு இந்தக் கதையில் மிகப் பிடித்த பகுதி. 1982இல் எம்.ஐ.டி.யில் சார்லஸ் ரோர்ஸும் குழுவினரும் ஓர் எதிர்க்காட்டை முன்வைத்தார்கள். மிக எளிய ஓர் அமைப்பு. அதோடு, கணக்கில் சேர்க்காமல் விட்ட, வேகமாக அடங்கிவிடும் ஒரு சிறு அசைவு. யாரும் பொருட்படுத்தாத அளவு சிறியது. அதைத் தகவமைவுக் கட்டுப்பாட்டிடம் கொடுத்தால், கருவி மெதுவாக வழிதவறி, கடைசியில் நிலைகுலைந்து போகிறது. நிறுவலில் பிழை இல்லை. நிறுவல் எடுத்துக்கொண்ட உலகமும் வெளியில் இருக்கும் உலகமும் ஒன்றல்ல என்பதுதான் சங்கதி. அந்த எதிர்க்காட்டுக் கட்டுரையின் நான்கு ஆசிரியர்களில் ஒருவர், இரண்டு வருஷத்துக்கு முன் நிறுவலில் கையெழுத்திட்ட அதே லேனா வலவானி. தான் கட்டிய கரையில் தானே ஓட்டை தேடிப் பார்ப்பதுதான் அறிவுத்துறையின் நேர்மை. நம் பல்கலைக்கழகங்களில் எத்தனை ஆய்வுக்குழுக்கள் இதைச் செய்கின்றன என்று கேட்டுக்கொள்ளலாம்.

கருவி ஏன் வழிதவறியது? இங்கேதான் கண்மாய் திரும்ப வருகிறது.

ஒரு கருவி கற்றுக்கொள்ள வேண்டுமானால், அதற்கு வந்து சேரும் உள்ளீடு பலவிதமாக அசைந்துகொண்டே இருக்க வேண்டும். இதைத் துறைக்காரர்கள் 'பர்சிஸ்டன்ட் எக்ஸைட்டேஷன்' என்பார்கள். தொடர்ந்த கலக்கம் என்று நான் தமிழ்ப்படுத்துவேன். எவ்வளவு கலக்கம் இருந்தால் கருவியின் கணிப்பு உண்மை அளவுருக்களை வந்தடையும் என்பதற்கு மார்கனும் நரேந்திராவும் 1977இல் கணித நிபந்தனை எழுதினார்கள். கலக்கம் போதாவிட்டால் கருவி சும்மா இருக்காது, அதுதான் ஆபத்து. சின்னச் சின்ன இரைச்சலையும் செய்தியாக எடுத்துக்கொண்டு, தன் திருகுகளைத் தப்பான பக்கம் மெல்ல மெல்லத் திருப்பிக்கொண்டே போகும். வெளியே எல்லாம் அமைதியாகத் தெரியும். ஒருநாள் பெரிய உள்ளீடு வரும்போதுதான், இத்தனை நாளாகத் திருகு எங்கே போயிருக்கிறது என்று தெரியும்.

இனி, நீர்பாய்ச்சியின் கணக்கு தப்பிய வருஷங்கள். தொடர்ந்து நாலைந்து வருஷம் வானம் பொய்த்த பிறகு வரும் முதல் பெருமழைகளில்தான் அவர் கணக்கு தப்பும். அந்த வருஷங்களில் நீர்ப்பிடிப்பு சும்மா இருந்திருக்காது. வரத்துக்காலில் சீமைக்கருவேலம் அடர்ந்திருக்கும். புதுச்சாலையின் குறுக்கே வைத்த சின்னப் பாலத்துக்குள் மண் அடைத்திருக்கும். யாரோ காட்டுக்கு நடுவே வரப்பை உயர்த்தியிருப்பார்கள். ஒவ்வொன்றும் கண்மாயின் சுபாவத்தை மாற்றிவிட்டது, ஆனால் மழை வந்து கலக்காததால் மாறியது யாருக்கும் தெரியவில்லை. நடுத்தர மழைகள் கரிசலின் வெடிப்புக்குள்ளேயே தீர்ந்துபோய் ஒரு செய்தியும் சொல்லாமல் போயிருக்கும். வருஷத்துக்கு 800 மில்லிமீட்டரை ஒட்டிப் பெய்யும் நிலத்தில், அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களுக்குள் விழும் நிலத்தில், தொடர்ந்த கலக்கம் என்பது கிடைக்காத சரக்கு. கலங்கினால் ஒரேயடியாகக் கலங்கிக் கரை உடையும், இல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. மழை நிறைந்த தஞ்சையிலோ கேரளத்திலோ நீர்பாய்ச்சியாக இருப்பதைவிட இங்கே இருப்பது கஷ்டம் என்று அவர் பக்கம் நின்று நான் வாதாடுவேன்.

இந்தக் கஷ்டத்துக்குத்தான் நரேந்திராவும் அவருடைய மாணவி அனுராதா அன்னசாமியும் 1987இல் ஒரு பதில் சொன்னார்கள். கட்டுரைத் தலைப்பிலேயே, தொடர்ந்த கலக்கம் இல்லாமலே உறுதியாக நிற்கும் தகவமைவு என்று அறிவித்தார்கள். அதற்கு முன் யோவானுவும் கொக்கொடோவிச்சும் ஒரு வழி காட்டியிருந்தார்கள்: கருவிக்குக் கொஞ்சம் மறதி கொடுத்துவிடு. திருகு தப்பாகப் போனாலும் மறதி அதைப் பின்னுக்கு இழுத்துவிடும். இதில் ஒரு குறை. எல்லாம் சரியாக ஓடிக்கொண்டிருக்கும்போதும் கருவி மறந்துகொண்டே இருக்கும், கற்ற நல்லதும் கரைந்துபோகும். நரேந்திராவும் அன்னசாமியும் மறதியைப் பிழையோடு முடிச்சுப் போட்டார்கள். பிழை பெரிதானால் மறதி பெரிது. பிழை சிறிதானால் மறதியும் சிறிது. பிழையே இல்லையென்றால் கற்றது கற்றபடி இருக்கும். சமன்பாட்டில் ஒரேயொரு உறுப்பைப் பெருக்கியதுதான் மாற்றம். இருவரும் சேர்ந்து எழுதிய 'நிலையான தகவமைவு அமைப்புகள்' என்ற நூல் 1989இல் வந்தது. அன்னசாமி பிறகு எம்.ஐ.டி.யில் இதே துறையைத் தொடர்ந்தார்.

இன்னொரு முனையிலிருந்தும் நரேந்திரா இதே கேள்வியைத் தொட்டிருந்தார். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் எம். ஏ. எல். தத்தாச்சாருடன் சேர்ந்து 1974இல் கற்கும் தானியங்கிகள் பற்றி நீண்ட மதிப்பீட்டுக் கட்டுரை எழுதினார், 1989இல் அது நூலாக விரிந்தது. இங்கே சமன்பாடே வேண்டாம். ஒன்றைச் செய்து பார், பலித்தால் அடுத்த முறை அதைச் செய்யும் வாய்ப்பைச் சற்றுக் கூட்டு, பலிக்காவிட்டால் குறை. தொலைபேசி அழைப்பை எந்த வழியில் அனுப்புவது என்ற கேள்விக்கு இதை 1977இல் பொருத்திக் காட்டினார்கள். மானாவாரிக் காட்டில் கம்பா, மல்லியா, பருத்தியா என்று வருஷா வருஷம் விதைப்பைச் சற்றே மாற்றிப் பார்க்கும் சம்சாரிக்கு இந்தத் தானியங்கியை விளக்க வேண்டியதில்லை.

1990 மார்ச்சில் வந்த கட்டுரைதான் நரேந்திராவின் பெயரைத் துறைக்கு வெளியே கொண்டுபோனது. நரம்பு வலைப்பின்னல்களுக்கென்று ஐ.இ.இ.இ. தொடங்கிய புதிய இதழின் முதல் எண்ணில், கண்ணன் பார்த்தசாரதியோடு சேர்ந்து எழுதியது. வலைப்பின்னல்களைக் கொண்டு இயங்கும் அமைப்புகளை இனங்காண்பதும் கட்டுப்படுத்துவதும் எப்படி என்பது அதன் பொருள். ஆயிரக்கணக்கான கட்டுரைகள் அதை மேற்கோள் காட்டியிருக்கின்றன. இன்று செயற்கை நுண்ணறிவைப் பற்றிப் பேசுகிறவர்களில் பலர் அதைப் படித்திருக்க மாட்டார்கள். அதில் எனக்குப் புதிதாகத் தெரிவது வலைப்பின்னல் அல்ல. நேர்விகிதம் இல்லாத வளைக்கும் அறை ஒரு பக்கம், தாமதமும் நினைவும் உள்ள நேர்விகித அறை மறுபக்கம், இரண்டையும் விதவிதமாகக் கோப்பது: 1966இன் இரண்டறை வீடு, கால் நூற்றாண்டு கழித்து மாடி கட்டி நிற்கிறது. வளைக்கும் அறையில் அன்று பல்லுறுப்புக்கோவை குடியிருந்தது, இப்போது வலைப்பின்னல் குடிவந்திருக்கிறது. ஒரு பேராசிரியரின் வேலையை விருதுகளைக் கொண்டு அளப்பதைவிட (2003இல் துறையின் உயரிய பெல்மன் விருதும் அவருக்குக் கிடைத்தது) இப்படி ஓர் எண்ணம் எத்தனை தூரம் உடன்வந்தது என்று பார்ப்பது மேல்.

தொண்ணூறுகளில் அவர் எடுத்த கடைசித் திருப்பம், என் கணக்கில், நீர்பாய்ச்சிக்கு மிக நெருக்கமானது. பாலகிருஷ்ணனுடன் 1994இலும் 1997இலும் எழுதிய கட்டுரைகளில், ஒரே மாதிரியைத் திருத்திக்கொண்டே இருப்பதை விட்டுவிட்டு, பல மாதிரிகளைக் கையில் வைத்துக்கொள்ளச் சொன்னார். எந்த மாதிரியின் கணிப்பு இப்போது நடப்பதோடு ஒத்துப்போகிறதோ அதற்கு உடனே தாவு. தாவிய பிறகு நிதானமாகத் திருத்து. ஒவ்வொரு முறையும் ஒன்றிலிருந்து தொடங்கிக் கற்றுக்கொள்ள நேரம் இல்லாத இடத்தில் இதுதான் வழி. எங்கள் நீர்பாய்ச்சி மழைச் சத்தத்தைக் கேட்டவுடன் படிக்கணக்கு மட்டும் சொல்லமாட்டார், வருஷமும் சொல்வார். "இது அந்தப் புயலடிச்ச வருஷத்துத் தண்ணி மாதிரி வருது" என்பார். அப்படிச் சொன்னால் கலுங்குப் பக்கம் ஆள் போகும்.

தமிழ்நாட்டில் இந்தத் துறைக்கு நல்ல நிலம் இருந்தது. சி. ராஜம் 1949இல் குரோம்பேட்டையில் தொடங்கிய மெட்ராஸ் எம்.ஐ.டி.யில் ஆரம்பத்திலேயே கருவியியல் படிப்பு இருந்தது. நாட்டில் வேறெங்கும் அதை அவ்வளவாக யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்து வெளியேறிய பி. ஆர். குமார், பிரவீன் வராய்யாவோடு சேர்ந்து 1986இல் எழுதிய நூல், நிச்சயமின்மைக்கு நடுவே இனங்காண்பதையும் கட்டுப்படுத்துவதையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. இன்று சென்னை ஐ.ஐ.டி.யின் அருண் தங்கிராலா எழுதிய பாடநூலும், என்.பி.டி.இ.எல். வழியாக அவர் நடத்திய வகுப்புகளும் அருப்புக்கோட்டையில் கைபேசி வைத்திருக்கும் மாணவருக்கும் எட்டும் தூரத்தில் இருக்கின்றன.

பாடம் எட்டுகிறது, நிலம்தான் பாடத்துக்குள் வரவில்லை. நம் மாவட்டங்களில் கருவியியல் துறை உள்ள கல்லூரிகளின் ஆய்வகத்துக்குப் போனால் இரட்டைத் தொட்டிச் சோதனை இருக்கும். கண்ணாடித் தொட்டி இரண்டு, நடுவே ஒரு குழாய். மேல் தொட்டிக்குப் போகும் நீரை ஒரு படி கூட்டிவிட்டு, கீழ்த் தொட்டியின் மட்டம் ஏறுவதை மாணவர்கள் நொடிக்கு நொடி குறிப்பார்கள். ஒற்றைத் தொட்டியென்றால், இறுதி மட்டத்தின் 63.2 விழுக்காட்டைத் தொட எத்தனை நொடி ஆயிற்று என்று பார்த்துக் கால மாறிலி எழுதுவார்கள். சன்னலுக்கு வெளியே, ஒரு கண்மாயின் கலுங்கில் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போய், அங்கிருந்து அதற்கடுத்ததற்குப் போய்க் குண்டாற்றில் முடியும் சங்கிலி கிடக்கிறது. தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரி, கண்மாய்களில் பெரும்பகுதி இப்படிக் கோத்துக் கிடப்பவை. அவற்றின் கால மாறிலி நொடிக்கணக்கில் இல்லை, நாள்கணக்கில் இருக்கிறது. ஒரு பருவம் முழுக்க உட்கார்ந்து குறித்தால் மூன்றோ நான்கோ படிகள் கிடைக்கும். எந்தத் தேர்வுக் கால அட்டவணைக்குள்ளும் அது அடங்காது.

காவிரி–வைகை–குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அந்தத் தண்ணீர் என்றைக்கு வந்தாலும், மழையைத் தவிர வேறு உள்ளீடே அறியாத இந்தச் சங்கிலிக்கு, நாள் குறித்து, அளவு குறித்து வரும் முதல் உள்ளீடு அதுவாக இருக்கும். பாசனத்துக்கு அது எவ்வளவு உதவும் என்பது வேறு விவாதம். இனங்காணல்காரர் கண்ணுக்கு அது ஒரு ஸ்லைவர் சோதனை. திறந்துவிடுகிற அன்று ஒவ்வொரு கண்மாயிலும் ஓர் அளவுகோல் நட்டு, மணிக்கொரு முறை மட்டம் எழுத ஆள் வைத்தால், இருநூறு வருஷ மழை சொல்லாததைச் சில வாரங்கள் சொல்லிவிடும்.

திருச்சுழிக்குத் தெற்கே, கமுதிப் பக்கம் செங்கப்படையில் இப்போது வேறொரு கணக்கு நடக்கிறது. 2016 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் அங்கே இருக்கிறது. ஒரு மேகம் மேலே கடந்தால் பலகைகளின் உற்பத்தி சில நிமிடங்களில் சரியும், நகர்ந்தால் ஏறும். மின்தொகுப்பு அந்த ஏற்ற இறக்கத்தை வேறெங்கோ ஈடுகட்ட வேண்டும். மேகம் எப்போது வரும், வந்தால் எவ்வளவு குறையும் என்று கணிக்கிற மாதிரிகளுக்குள் ஹாமர்ஸ்டைனும் உண்டு, வலைப்பின்னலும் உண்டு, பல மாதிரிகளுக்கிடையே தாவுவதும் உண்டு. கண்மாய்க்காரர்கள் அண்ணாந்து பார்த்துக் கும்பிட்ட அதே மேகத்துக்கு அங்கே 'இடையூறு' என்று பெயர். கட்டுப்பாட்டுப் பாடநூலில் அதற்கான குறியீடு சிறிய எழுத்து 'டி'.

ஒரு காட்சி மிச்சம் இருக்கிறது. பருவத்தில் கண்மாய் பாதிக்கு மேல் ஏறியதும் மடை திறக்க வேண்டும் என்று ஊர் கேட்கும். நீர்பாய்ச்சி உடனே முழுக்கத் திறக்க மாட்டார். முதல் நாள் விடியலில் தனியாகப் போய் அடைப்பை ஒரு விரற்கடை தளர்த்துவார். மடைவாயில் நீர் கசிந்து வாய்க்காலில் இறங்கும்போது, மடியிலிருந்து ஒரு பிடி வைக்கோலை எடுத்து மிதக்க விடுவார். பிறகு அதன் கூடவே கரையோரமாக நடப்பார். எங்கே தயங்குகிறது, எங்கே சுற்றுகிறது, எங்கே ஓரம் ஒதுங்குகிறது என்று பார்த்துக்கொண்டே போவார். கடைசி வயல்வரை போய்விட்டுத் திரும்பி வந்து மடையை மூடிவிடுவார். அவ்வளவு தண்ணீரையும் வீணாக்குகிறாரே என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"வாய்க்கா எங்கெங்க தண்ணி குடிக்குதுன்னு பாக்கணும்ல தம்பி" என்றார்.